வீட்டு சர்வரிலிருந்து கேம் ஓடவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் மச்சானிடமிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். "மாப்ள, டிவியில ஒண்ணும் வரமாட்டேங்குது." என் வீட்டில் ஒன்று, அவர் வீட்டில் ஒன்று, நண்பர்கள் வீட்டில் இரண்டு என்று நான்கு பெட்டிகளை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அதனால் பழுது பார்ப்பதும் என் தலையில் விழுந்தது. திரும்பத் திரும்ப வருவது என்னவோ அதே ஏழெட்டுப் பழுதுகள்தான். இனி போனில் சொல்வதற்குப் பதில் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

எல்லா வீட்டிலும் அமைப்பு ஒன்றுதான். கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு லினக்ஸ் கணினி, அதில் மென்பொருள்களைத் தனித்தனி அடைப்பில் (கன்டெய்னர்) வைத்து ஓட்டும் டாக்கர், டாக்கருக்குள் கேம் திரையை நெட்வொர்க்கில் அனுப்பும் வுல்ஃப். டிவி, போன், லேப்டாப்பில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் செயலி. மூன்லைட்டில் ஒரு கேமைத் தொட்டதும் வுல்ஃப் அந்த ஆளுக்கென்று தனியாக ஒரு கன்டெய்னரைக் கிளப்பி, அதன் திரையை வீடியோவாகச் சுருக்கி அனுப்பும். வுல்ஃபுக்குப் பதில், அதேபோல் திரையை அனுப்பும் சன்ஷைன் வைத்திருப்பவர்களுக்கும் நெட்வொர்க், வைஃபை பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## எதையும் நோண்டுவதற்கு முன்

முதலில் டிஎஃப் கட்டளையை ஓட்டி டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டால் அறிகுறிகளை நம்ப முடியாது. ஒருநாள் கறுப்புத் திரை, ஒருநாள் ஸ்டீம் திறக்காது, ஒருநாள் சேவ் ஆகாது. பழைய இமேஜ்கள் (கன்டெய்னரைக் கிளப்பும் மூலத் தொகுப்புகள்) சேர்ந்து சேர்ந்து டிஸ்கின் ரூட் பகுதியை விழுங்கியிருக்கும். டாக்கர் சிஸ்டம் டிஎஃப் என்று அடித்தால் எது எவ்வளவு தின்றிருக்கிறது என்று காட்டும். பயன்படாத இமேஜ்களை மட்டும் நீக்குங்கள். ஒரு தடவை நான் வேகமாக, பெயர் வைத்த வால்யூம்களையும் (கன்டெய்னருக்கு வெளியே டேட்டா வைக்கும் இடங்கள்) சேர்த்துத் துடைத்துவிட்டேன். அதில்தான் என்விடியா டிரைவர் கோப்புகள் இருந்தன. அன்று இரவு தூங்கவில்லை.

அடுத்து, வுல்ஃப் கன்டெய்னரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றி, சரியாகிவிட்டால்கூட எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே பழுது வரும்போது மறுபடி நான்கையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

## அறிகுறி: மூன்லைட்டில் சர்வர் தெரியவே இல்லை

### நேற்று தெரிந்தது, இன்று தெரியவில்லை

பெரும்பாலும் கரண்ட் போய் வந்திருக்கும். ரௌட்டர் மறுபடி எழுந்தபோது சர்வருக்கு வேறு ஐபி கொடுத்திருக்கும். டாக்கர் பிஎஸ் அடித்து வுல்ஃப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால், கன்டெய்னர் தானாக எழும் அமைப்பு இல்லை. ரீஸ்டார்ட் கொள்கையை 'அன்லெஸ் ஸ்டாப்ட்' என்று மாற்றுங்கள். ஓடுகிறது என்றால் ஐபி ஏ என்று அடித்து இப்போதைய முகவரியைப் பார்த்து, அதை மூன்லைட்டில் கையால் சேருங்கள். வேலை செய்தால், ரௌட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்த பிறகு மச்சானின் போன் பாதியாகக் குறைந்தது.

### முதல் நாளிலிருந்தே தெரியவில்லை

இரண்டு கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? டிவி கெஸ்ட் வைஃபையில் இருந்தால் சர்வரைப் பார்க்க முடியாது. அதைப் பிரித்து வைப்பதுதான் கெஸ்ட் வைஃபையின் வேலையே. அகலப்பட்டை நிறுவனம் கொடுத்த ரௌட்டரோடு நீங்கள் வாங்கிய இன்னொரு ரௌட்டரையும் மாட்டியிருந்தால், இரண்டும் தனித்தனி நெட்வொர்க்காக இருக்கும். இரண்டாவதை அக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுங்கள்.

நெட்வொர்க் ஒன்றுதான் என்றால் அடுத்தது டாக்கர். வுல்ஃபை ஹோஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது சர்வரின் சொந்த நெட்வொர்க்கிலேயே ஓட்டுங்கள். டாக்கரின் தனி உள் நெட்வொர்க்கான பிரிட்ஜில் விட்டால், "நான் இங்கே இருக்கிறேன்" என்று சர்வர் விடும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு வெளியே வராது.

அப்புறம் ஃபயர்வால். வுல்ஃபுக்கு டிசிபியில் 47984, 47989, 48010 ஆகிய போர்ட்டுகளும், யூடிபியில் 47999, 48100, 48200 ஆகியவையும் திறந்திருக்க வேண்டும். சன்ஷைனின் யூடிபி எண்கள் வேறு: 47998 முதல் 48000 வரை. இங்கே ஒரு குழப்பம் பலரைக் கவிழ்க்கிறது. பிரிட்ஜில் திறந்துவிடும் போர்ட்டுகளை டாக்கர் நேரடியாக ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை வடிகட்டி விதிகள்) எழுதிவிடுவதால், யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் அவற்றைத் தடுப்பதில்லை. ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாறியதும் யூஎஃப்டபிள்யூ விதிகள் செல்லுபடியாகிவிடும். "என் மற்ற கன்டெய்னர்கள் எல்லாம் ஓடுதே, இது மட்டும் ஏன்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

## அறிகுறி: பின் நம்பர் கேட்கிறது, ஜோடி சேரவில்லை

டிவியில் நான்கு இலக்க எண் தெரியும். அதை எங்கே போடுவது என்று புரியாமல்தான் பலர் நிற்கிறார்கள். வுல்ஃபின் லாகில் ஒரு முகவரி வந்திருக்கும். டாக்கர் லாக்ஸ் கட்டளையில் பார்த்து, அந்த முகவரியை முழுதாக நகலெடுத்து, வீட்டில் உள்ள எந்த பிரவுசரிலும் திறந்து எண்ணைப் போடுங்கள். அந்த முகவரியின் கடைசியில் இருக்கும் நீண்ட எழுத்துக் கோர்வை ஒவ்வொரு முயற்சிக்கும் மாறும். பழையதைத் திறந்தால் வேலைக்கு ஆகாது.

### ஏற்கெனவே சேர்ந்தது, மறுபடி கேட்கிறது

கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கினீர்களா? ஈடிசி கோப்புறையில் உள்ள வுல்ஃப் கோப்புறையை வெளியிலிருந்து மவுன்ட் செய்யாமல் (இணைக்காமல்) விட்டிருப்பீர்கள். சான்றிதழும் ஜோடிப் பட்டியலும் கன்டெய்னரோடு சேர்ந்து போயிருக்கும். மவுன்டைச் சேர்த்துவிட்டு, மூன்லைட்டில் பழைய சர்வரை நீக்கி, ஒருமுறை புதிதாகச் சேருங்கள்.

## அறிகுறி: கேமைத் தொட்டால் கறுப்புத் திரை, அல்லது உடனே வெளியே தள்ளுகிறது

அதிக நேரம் தின்னும் பழுது இது. லாகை ஒரு திரையில் ஓடவிட்டு, இன்னொன்றில் கேமைத் திறந்து பாருங்கள். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அந்தப் பத்து வரிகள் மேல்.

### முதல் தடவை மட்டும்

ஒன்றும் செய்யாதீர்கள், காத்திருங்கள். ஸ்டீம் போன்றவற்றின் இமேஜ் பெரியது. முதல்முறை அது இறங்கிக்கொண்டிருக்கும், மூன்லைட்டுக்குப் பொறுமை இருக்காது. டாக்கர் இமேஜஸ் கட்டளையில் அது வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி தொடுங்கள்.

### எந்த கேமும் திறக்கவில்லை

கிராபிக்ஸ் கார்டு கன்டெய்னருக்குள் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம்.

சர்வரில் டெவ் கோப்புறைக்குள் டிஆர்ஐ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். ரெண்டர்டி128 என்ற பெயர் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் பிழை டாக்கரில் இல்லை, சர்வரின் டிரைவரிலேயே. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ரெண்டர்டி128, ரெண்டர்டி129 என்று இரண்டு இருந்தால், பிராசசரோடு வரும் சின்ன கிராபிக்ஸ் ஒன்று, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்டு ஒன்று. எது எது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். டிஆர்ஐக்குள் இருக்கும் 'பை-பாத்' கோப்புறை எந்த எண் எந்த கார்டு என்று காட்டும். வுல்ஃப் ரெண்டர் நோட் என்ற மாறியில் சரியான பாதையைக் கொடுங்கள்.

லாகில் எல்எல்விஎம்பைப் என்ற சொல் தென்பட்டால், கார்டைத் தொட முடியாமல் பிராசசரிலேயே படம் வரையப்படுகிறது என்று பொருள். கன்டெய்னருக்கு டிஆர்ஐ சாதனத்தைக் கொடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது அனுமதி இல்லை.

என்விடியா கார்டு என்றால் இன்னொரு சோதனை. அதன் டிஆர்எம் மாட்யூலில் மோட்செட் அமைப்பு 'ஒய்' என்று இருக்க வேண்டும். 'என்' என்று இருந்தால் கர்னல் அளவுருவாக மோட்செட்டுக்கு 1 கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

### நேற்று அப்டேட் செய்தேன், இன்று கறுப்பு

என்விடியாக்காரர்களின் ஆஸ்தான பழுது. என்விடியா எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டுங்கள். டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்று சொன்னால், புது டிரைவர் டிஸ்கில் உட்கார்ந்துவிட்டது, நினைவகத்தில் பழைய மாட்யூல் இன்னும் ஓடுகிறது. ரீபூட் போதும்.

ரீபூட் செய்தும் கறுப்பு என்றால், டிரைவர் கோப்புகளைத் தனி வால்யூமில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வுல்ஃபை அப்படி அமைத்திருந்தால், சர்வரில் டிரைவர் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வால்யூமை மறுபடி கட்ட வேண்டும். வால்யூமை நீக்கி, புதிய பதிப்பு எண்ணைக் கொடுத்துக் கட்டுங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் நான் நான்கு பெட்டிகளிலும் டிரைவரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு, கையால் செய்கிறேன்.

ஃபெடோராவும் ஏஎம்டி கார்டும் வைத்திருப்பவர்கள் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா 2022இல் தன் மெசா (கிராபிக்ஸ் டிரைவர்) தொகுப்பிலிருந்து எச்.264, எச்.265 என்ற வீடியோ முறைகளுக்கான வன்பொருள் வசதியை எடுத்துவிட்டது. சன்ஷைனை நேரடியாகச் சர்வரில் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கும். ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற கூடுதல் தொகுப்புக் களஞ்சியத்தில் ஃப்ரீவேர்ல்ட் என்ற பெயரோடு வரும் தொகுப்பை மாற்றிப் போட வேண்டும். வுல்ஃப் தன் கன்டெய்னருக்குள் இருக்கும் மெசாவையே பயன்படுத்துவதால் அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

### சத்தம் வருகிறது, படம் இல்லை

சர்வர் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. மூன்லைட் அமைப்பில் கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறை) எச்.264 என்று மாற்றுங்கள், எச்டிஆரை அணையுங்கள். படம் வந்துவிட்டால் அப்படியே விடலாம், அல்லது ஒவ்வொன்றாக மேலே போய்ப் பார்க்கலாம். புதிய கோடெக்கான ஏவி1 வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7000 வரிசை, இன்டெலில் ஆர்க். இவற்றுக்கு முந்தைய கார்டுகள் ஏவி1 வீடியோவை உருவாக்காது.

### மற்றதெல்லாம் ஓடுகிறது, ஸ்டீம் மட்டும் திறக்க மறுக்கிறது

ஸ்டீம் தனக்குள்ளேயே இன்னொரு சின்ன கன்டெய்னரைக் கட்டிக்கொண்டு கேமை ஓட்டும். அதற்குச் சாதாரண கன்டெய்னருக்குக் கிடைக்காத சில அனுமதிகள் தேவை. வுல்ஃபின் அமைப்புக் கோப்பில் ஸ்டீம் பகுதியில் செக்கம்ப், ஆப்ஆர்மர் என்ற இரண்டு பாதுகாப்புத் தடைகளையும் தளர்த்தும் வரிகள் இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்து அவற்றை நீக்கியிருந்தால் திருப்பிப் போடுங்கள்.

கார்டே சர்வரில் தெரியவில்லை, வேறு ஸ்லாட்டில் மாட்டியும் தெரியவில்லை, வேறு கணினியிலும் தெரியவில்லை என்றால் இங்கே நிறுத்துங்கள். இனி அது கடைக்காரர் வேலை. வாரன்டி இருந்தால் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கொண்டு போங்கள்.

## அறிகுறி: படம் வருகிறது, ஆனால் திக்குகிறது

எல்லோரும் டாக்கரைத் திட்டும் இடம் இது. நான் பார்த்த வரையில் டாக்கர் இதில் அநேகமாக நிரபராதி.

மூன்லைட்டில் புள்ளிவிவரத் திரையை வரவழையுங்கள். கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு டிவியில் அமைப்புகளில் ஒரு டிக். இப்போது விளையாடிக்கொண்டே எண்களைப் பாருங்கள். 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அதை யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

### நெட்வொர்க்கில் ஃபிரேம் தொலைகிறது என்று காட்டினால்

டிவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4இல் பக்கத்து வீட்டு ரௌட்டர், புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் சேர்ந்து சந்தைக்கடை நடத்தும்.

மாற்றியும் தீரவில்லை என்றால் பிட்ரேட்டை (ஒரு வினாடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) குறையுங்கள். 1080பி 60 ஃபிரேமுக்கு மூன்லைட் தானாக வைப்பது 20 எம்பிபிஎஸ், 4கே 60க்கு 80. இருபதைப் பத்தாக்கிப் பாருங்கள். திக்கல் நின்றால் காற்றுவழியில்தான் குறை.

அடுத்து கேபிள். சர்வரை மட்டுமாவது ரௌட்டரோடு கேபிளில் இணைத்துவிடுங்கள். சர்வரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. கேபிள் ஏற்கெனவே இருந்தால் ஈத்டூல் கட்டளையில் வேகத்தைப் பாருங்கள். 1000 என்று வர வேண்டும். 100 என்று வந்தால் கேபிளில் ஒரு இழை போயிருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். அதனால்தான் கேபிள் பாதி செத்தும் "இன்டர்நெட் நன்றாகத்தான் வருகிறது" என்று தோன்றும். எலி கடித்த கேபிளை ஒரு முறை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு எச்சரிக்கை: பல ஸ்மார்ட் டிவிகளில் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 1080பிக்கு அது தாராளம். 80 எம்பிபிஎஸ்ஸில் 4கே ஓட்டினால் மூச்சு முட்டும். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

எங்கே அடைப்பு என்று இன்னும் சந்தேகமா? சர்வரில் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டி, டிவி இருக்கும் இடத்துக்கு ஒரு லேப்டாப்பைக் கொண்டு போய்ச் சோதியுங்கள். வேகம் மட்டுமல்ல, ஒவ்வொரு வினாடியும் எண் எவ்வளவு குதிக்கிறது என்றும் பாருங்கள். மாடியிலிருந்து ஹாலுக்குச் சுவர் துளைத்து கேபிள் இழுக்க வேண்டிய நிலை வந்தால், அதற்கென்று இருக்கும் கேபிள் ஆளைக் கூப்பிடுங்கள். கரண்ட் வயர் போகும் அதே குழாயில் லேன் கேபிளையும் செருகச் சொல்லாதீர்கள்.

### மேக்புக்கில் மட்டும், விட்டுவிட்டுத் திக்கினால்

ஏர்டிராப் பயன்படுத்தும் ஏடபிள்யூடிஎல் என்ற இடைமுகம் வைஃபையை அவ்வப்போது வேறு சேனலுக்கு இழுக்கும். விளையாடும் நேரத்துக்கு மட்டும் ஐஎஃப்கான்ஃபிக் மூலம் ஏடபிள்யூடிஎல்0 இடைமுகத்தை அணைத்துப் பாருங்கள். கேபிள் போட்டாலும் தீரும்.

### நெட்வொர்க் இழப்பு இல்லை, ஆனால் வரும் ஃபிரேமே 60க்குக் குறைவு

சர்வரே போதுமான அளவு அனுப்பவில்லை. லாகில், வீடியோவைச் சுருக்குவது எந்த என்கோடர் என்று ஒரு வரி இருக்கும். என்விகோடெக், விஏ, க்யூஎஸ்வி என்றால் கார்டு அந்த வேலையைப் பார்க்கிறது. எக்ஸ்264 என்றால் பிராசசர் பார்க்கிறது, அதோடு கேமையும் சுமக்கிறது. கறுப்புத் திரைப் பகுதியில் சொன்ன கார்டு சோதனைகளை ஓட்டுங்கள்.

கார்டுதான் வேலை செய்கிறது என்றால் கேமின் கிராபிக்ஸ் அமைப்பைக் குறையுங்கள். கேமே நாற்பது ஃபிரேம் வரைந்தால் ஸ்ட்ரீமில் அறுபது எங்கிருந்து வரும்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடினால் கார்டு பாதி பாதியாகப் பிரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். என்விடியாவின் வீட்டு உபயோக கார்டுகளில் ஒரே நேரத்தில் ஓடும் என்கோடிங்குக்கு டிரைவரே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2023இல் 3இலிருந்து 5 ஆக்கினார்கள், பிறகு 8. மிகப் பழைய டிரைவர் என்றால் நான்காவது ஆள் உள்ளே வர முடியாமல் நிற்பது இதனாலும் இருக்கலாம்.

### டிகோடிங் (வீடியோவைப் பிரிக்கும்) நேரம் அதிகம் என்று காட்டினால்

டிவியின் சிப் திணறுகிறது. தெளிவை 1080பிக்கு இறக்குங்கள், வேறு கோடெக்கை முயலுங்கள். அதுவும் போதாது என்றால் டிவியில் ஒரு நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டியைச் செருகுவதுதான் வழி. டிவியையே மாற்றத் தேவையில்லை.

### எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஆனால் பட்டனை அழுத்தி நேரம் கழித்துத்தான் குதிக்கிறது

டிவியில் கேம் மோடை இயக்குங்கள். அவ்வளவுதான். இதற்காக ஒரு நண்பர் புது ரௌட்டரே வாங்கிவிட்டார்.

## அறிகுறி: கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை

### கேமுக்குப் பதில் மவுஸ் அம்பு நகர்கிறது

ஸ்டார்ட் பட்டனை நீளமாக அழுத்திவிட்டீர்கள். மூன்லைட் அதை மவுஸ் நிலையாக எடுத்துக்கொள்ளும். மறுபடி நீளமாக அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அதேபோல் ஸ்டார்ட், செலக்ட், எல்1, ஆர்1 நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஸ்ட்ரீமே மூடிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் "தானா வெளியே வந்துடுது" என்றால் முதலில் இதைக் கேளுங்கள்.

### எந்த கேமிலும் எதுவும் நகரவில்லை

கன்ட்ரோலரை டிவியோடுதான் இணைக்க வேண்டும், சர்வரோடு அல்ல. டிவியின் முகப்புப் பக்கத்தில் அது நகர்கிறதா? நகர்ந்தால் டிவி வரை சரி.

அடுத்து சர்வர். உங்கள் கன்ட்ரோலரைப் போலவே ஒரு போலி கன்ட்ரோலரை வுல்ஃப் அங்கே உருவாக்குகிறது. அதற்கு யூஇன்புட் சாதனம் வேண்டும். எல்எஸ்மாட் பட்டியலில் அது இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் மாட்புரோப் கொண்டு ஏற்றுங்கள். ரீபூட்டுக்குப் பின் மறுபடி காணாமல் போகும் என்பதால், தானாக ஏற்றும் பட்டியலிலும் பெயரைச் சேருங்கள். பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வைத்திருந்தால் யூஹெச்ஐடியும் வேண்டும்.

இரண்டும் இருக்கின்றன என்றால் சாதனங்களைக் கையாளும் யூடெவுக்கான விதிக் கோப்பை விட்டிருப்பீர்கள். வுல்ஃபின் வழிகாட்டியில் 85 என்று தொடங்கும் பெயரில் அது இருக்கிறது. போட்டுவிட்டு விதிகளை ரீலோட் செய்யுங்கள். கடைசியாக, கன்டெய்னருக்கு உள்ளீட்டுச் சாதனங்களின் வகை எண்ணான 13க்கு அனுமதி கொடுக்கும் சிகுரூப் வரியும், ரன் கோப்புறையில் உள்ள யூடெவின் மவுன்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனால் சர்வரில் கன்ட்ரோலர் பிறக்கும், கேமுக்குள் மட்டும் தெரியாது.

### ஒரு கேமில் மட்டும்

ஸ்டீமில் அந்த கேமின் கன்ட்ரோலர் அமைப்பில் ஸ்டீம் இன்புட்டை மாற்றிப் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள், அணைந்திருந்தால் இயக்குங்கள்.

## அறிகுறி: சத்தம் இல்லை

மூன்லைட்டில் 5.1 என்று வைத்துவிட்டு சாதாரண டிவியில் கேட்கிறீர்களா? ஸ்டீரியோவாக்குங்கள். அதற்கும் வரவில்லை என்றால், வுல்ஃப் ஒலிக்கென்று தனியாக ஒரு பல்ஸ்ஆடியோ கன்டெய்னரை வைத்துக்கொள்ளும். டாக்கர் பிஎஸ் ஏ அடித்து அது செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டு வுல்ஃபை ரீஸ்டார்ட் செய்தால் புதிதாக வரும். சத்தம் பிந்தி வருகிறது என்றால் புளூடூத் சவுண்ட்பாரைச் சந்தேகப்படுங்கள்.

## அறிகுறி: சேவ் காணோம், ஸ்டீம் மறுபடி லாகின் கேட்கிறது

பதற வேண்டாம், பெரும்பாலும் தொலைந்திருக்காது. ஜோடி சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் வுல்ஃப் தனிக் கோப்புறை வைக்கிறது. டிவியில் ஆடியது போனில் தெரியாது. ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாலும் புது ஆளாகிவிடலாம். பழைய கோப்புறை அப்படியே இருக்கும். அமைப்புக் கோப்பில் ஜோடி சேர்ந்தவர்கள் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எந்தக் கோப்புறை என்று எழுதியிருக்கும். போனுக்கும் டிவிக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் ஒரே சேவ். மாற்றுமுன் கோப்புறையை நகலெடுத்துக்கொள்ளுங்கள், வுல்ஃபை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் டிஸ்கில் ஸ்டீம் நூலகத்தை வைத்திருந்தால், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் தகராறு செய்யும். கேம் ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது. டேட்டாவை வேறிடத்துக்கு மாற்றி, டிஸ்கை எக்ஸ்ட்4 ஆக்குங்கள்.

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறதா? டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதி) எண் ஏறிக்கொண்டே போகிறதா? உடனே அணையுங்கள். பழுது நீக்கும் கட்டளைகளை அதில் ஓட்டாதீர்கள். உள்ளே விலைமதிப்பில்லாத ஏதாவது இருந்தால் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். கேம் மட்டும் என்றால் புது டிஸ்க் வாங்கி மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: வீட்டில் ஓடுகிறது, வெளியூரில் இணையவில்லை

ரௌட்டரின் வான் ஐபியை (இணையப் பக்கத்திலிருந்து அதற்குக் கிடைத்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. பலரோடு பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு செய்தாலும் பலிக்காது.

பலித்தாலும் செய்யாதீர்கள் என்பேன். வுல்ஃபிடம் டாக்கரையே இயக்கும் வழியான டாக்கர் சாக்கெட்டைக் கொடுத்திருக்கிறோம். அது சர்வரின் மொத்தச் சாவிக்கொத்து. அதை இணையத்தைப் பார்த்துத் திறந்து வைக்கக் கூடாது. டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்டு விபிஎன் போடுங்கள். அதன் வழியே எம்டிஎன்எஸ் வராது என்பதால் சர்வரின் முகவரியை மூன்லைட்டில் கையால் சேருங்கள். 720பி, 10 எம்பிபிஎஸ்ஸில் தொடங்குங்கள். இங்கே கணக்கில் வருவது வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம், டவுன்லோட் அல்ல.

## அறிகுறி: குறிப்பிட்ட ஆன்லைன் கேம் மட்டும் திறந்து மூடுகிறது

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவற்றின் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸை ஏற்பதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. தடுப்பை ஏமாற்றும் குறுக்குவழிகளைத் தேடினால் கணக்கே முடங்கும். அந்த கேமுக்கு விண்டோஸ் கணினியில் சன்ஷைன் போடுங்கள்.

## அறிகுறி: ஆடும்போது சர்வரே அணைந்துவிடுகிறது

ஜர்னல்சிடிஎல் மூலம் முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஒழுங்காக மூடியதாக எதுவும் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால், அது மின்சாரம் அல்லது சூடு.

தூசியைத் தட்டுங்கள், கேபினெட்டைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் வைத்த சர்வர் கார்த்திகையில் ஓடியதுபோல் ஓடாது. சென்சார்ஸ் கட்டளையில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள்.

சூடு இல்லை என்றால் யூபிஎஸ். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் தொடங்கும் நொடியில் கார்டும் பிராசசரும் சேர்ந்து அதைத் தாண்டினால் யூபிஎஸ் கையை விரித்துவிடும். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி ஒருமுறை ஆடிப் பாருங்கள். அணையவில்லை என்றால் பெரிய யூபிஎஸ் வேண்டும். அப்போதும் அணைந்தால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். பிரித்துப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் கரண்ட் இருக்கும்.

கார்டின் பவர் கனெக்டரில் தீய்ந்த வாடை வந்தாலோ, பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தாலோ மறுபடி ஆன் செய்யாமல் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று அடித்தால் பிரச்சினை பெரும்பாலும் கணினிக்கு வெளியே, வீட்டு எர்த்தில். எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தச் சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் வந்து போகும் வரை பிளக் வெளியிலேயே கிடக்கட்டும்.